பெயரால் பங்காளி

எங்கள் வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தை அப்பா கூட்டுவது ஒரே ஒரு காரணத்திற்காகத்தான். எங்கள் வீட்டுப் பெயரைக் கொண்ட யாராவது திரையில் தோன்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குப் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் ஓர் எழுத்து போதும். ஓசூரைச் சுற்றி, வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசி வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது போதாது. ஒரு முழுச் சொல் தலைமுறை தலைமுறையாகக் கூடவே வரும். அதை வீட்டுப் பெயர் என்போம். எங்களுடையதைத் தமிழில் சொல்ல முயன்றால் ‘கல்தொட்டி வீட்டார்’ என்று வரும். அந்தத் தொட்டி எங்கே இருந்தது, அதில் யாருடைய மாடுகள் தண்ணீர் குடித்தன என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. பள்ளியில் வருகைப் பதிவு எடுத்த ஆசிரியர்கள் அந்தச் சொல்லின் முன் ஒரு கணம் தயங்கி, பிறகு அதை விட்டுவிட்டு என் பெயரை மட்டும் அழைப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. அப்பாவுக்கு இருந்தது.

அப்பா ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறார். வீடு மத்திகிரியில். முப்பது ஆண்டுகளாக நீலச் சட்டையும் அடையாள அட்டையுமாக வாழும் ஒருவருக்கு, தன்னுடைய பெயரில் உலகத்தில் வேறு சிலரும் இருக்கிறார்கள், அவர்கள் பெரிய மனிதர்களாக இருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சிறுவயதில் எனக்குப் புரியவில்லை. கர்நாடக எல்லைக்கு அப்பால் ஓடும் தனியார் பேருந்துகளின் நெற்றியில் எங்கள் வீட்டுப் பெயர் எழுதியிருக்கும். பாகலூர் சாலையில் அப்படியொன்று எதிரில் வந்தால் அப்பா இருசக்கர வாகனத்தை ஓரம் கட்டி அது கடந்து போகும்வரை பார்ப்பார். கன்னட நாடகக் கம்பெனி ஒன்றில் பீமன் வேடம் கட்டிய நடிகர் ஒருவர் எங்கள் பெயர்க்காரர். எல்லோருக்கும் மேலே, மாலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து சென்று பெங்களூரில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கன்னடச் செய்தி அலைவரிசைகளில் விவாதங்களுக்கு வருவார். திரையின் அடியில் எங்கள் வீட்டுப் பெயர் கன்னட எழுத்தில் ஓடும். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அப்பா சத்தத்தைக் கூட்டுவார்.

“நம்ம பங்காளி பேசறாரு. எல்லாம் கேளுங்க.”

“பங்காளி நம்மள ஒரு நாளாவது காபி குடிக்கக் கூப்புட்டாரா?” என்பார் அம்மா சமையலறையிலிருந்து. அவர் காவேரிப்பட்டினத்துக்காரர், எங்கள் வீட்டுப் பெயருக்குள் கல்யாணத்தால் வந்தவர் என்பதால் அதைப் பற்றி எதையும் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

ஒரு முறை, யானைத் தந்தம் கடத்திப் பிடிபட்ட ஒருவனுடைய பெயரும் அதே எழுத்துகளில் ஓடியது. அப்பா அலைவரிசையை மாற்றினார். “அவன் வேற. ஆந்திராப் பக்கம்” என்றார். யாரும் கேட்கவில்லை.

பங்காளி என்ற சொல்லை நாங்கள் விளையாட்டாகச் சொல்வதில்லை. ஒரே வீட்டுப் பெயர் உடையவர்கள் அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டோம். ஒரு பங்காளி இறந்தால், எவ்வளவு தொலைவில் இருந்தாலும் எல்லாப் பங்காளி வீட்டாரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கருமாதி முடியும்வரை நல்ல காரியம் எதையும் தொடாமல் தீட்டுக் காப்பார்கள். ஆனால் பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது. குலதெய்வமும் ஒன்றாக இருக்க வேண்டும். தெய்வம் வேறு என்றால் பெயர் ஒன்றாக வந்தது தற்செயல், உறவு ஏதுமில்லை. முறை தெரிந்தவர்கள் முதலில் கேட்பது சாமியைத்தான்.

அக்காவின் விஷயத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அப்பாதான் பதில் சொல்லவில்லை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். மின்னணுப் பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். அதே பிரிவில் மாலூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் அவளை. எங்கள் இனத்தவர்தான், வீட்டில் தெலுங்குதான் என்பதால் அக்கா பெரிதாக அஞ்சவில்லை. அவரும் அவளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே அழைத்து வந்ததால் வீட்டுப் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை போலும். அவருடைய தந்தை தொலைபேசியில் பேசியபோதுதான் அது வெளியே வந்தது. அப்பாவின் முகத்தில் நான் அன்று கண்டதை இன்றும் சரியாகப் பெயரிட முடியவில்லை. ஏமாற்றம் இருந்தது. அதைவிட அதிகமாக மகிழ்ச்சி இருந்தது.

“அப்போ நீங்க ஜட்ஜ் ஐயாவுக்கு என்ன ஆகணும்?” என்று கேட்டார். அவர்கள் நீதிபதியின் சொந்த ஊர், சொந்தப் பங்காளிகள் என்று தெரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே பேசினார். எதிர்முனையில் கேட்ட கேள்வி, ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது. “அது இருக்கட்டுங்க, உங்க குலதெய்வம் எது?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? பேரு ஒண்ணுன்னா சாமியும் ஒண்ணுதான். ஜட்ஜ் ஐயா வூடும் நாங்களும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உங்க பையன் எனக்கும் பையன் மாதிரிதான்.”

அதோடு முடிந்தது. அந்தக் கேள்வியில் தன் உறவையே ஒருவர் சந்தேகிக்கிறார் என்று மட்டும் அப்பாவுக்குக் கேட்டது. மகளுக்காக ஒரு கதவு திறந்து பார்க்கப்படுகிறது என்பது கேட்கவில்லை. அக்காவை அழைத்து, மிகவும் மென்மையாகச் சொன்னார்: “உனக்கு அண்ணன் முறைம்மா. தெரியாம நடந்துது. இனிமே அண்ணான்னு கூப்புடு.”

அக்கா அப்படியே கூப்பிட்டாள். ஒரு மாலை மத்திகிரி முனையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து அவள் இறங்கும்போது நான் காத்திருந்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே நின்று, பார்வையைக் கம்பியின் மீது வைத்தபடி, “வரேண்ணா” என்றாள். அவர் தலையசைத்தார். அடுத்த ஆண்டு அவருக்குத் திருமணமாயிற்று.

பிறகு அக்காவுக்கு இரண்டு வரன்கள் வந்து, பேசி, நின்றுபோயின. முப்பது வயதைத் தொட்ட பிறகு கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் இடம் அமைந்தது. அமைதியான மனிதர், அக்காவிடம் தனியாகப் பேசியபோது வேலையை விட வேண்டாம் என்று அவராகவே சொன்னார் என்பதற்காகவே அவளுக்கு அவரைப் பிடித்தது. பெண் பார்க்க வந்தவர்களிடமும் அப்பா நீதிபதியைச் சொல்லாமல் விடவில்லை. மாப்பிள்ளையின் தாய் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி.

திருமணத்திற்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலைச் செய்தியில் நீதிபதியின் படம் வந்தது. அப்பா பழக்கத்தில் சத்தத்தைக் கூட்டினார். படத்தைச் சுற்றி மாலை போட்டிருந்தார்கள். கீழே ஓடிய வரியை நான் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூடத்தில் அம்மாவும் அக்காவும் விரலி மஞ்சளைப் பிரித்துத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கை நின்றது. அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். சற்று நேரத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து தொலைபேசி வந்தது. மாப்பிள்ளையின் தாய்.

“டிவில பாத்தோங்க. மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. உங்க பங்காளியாச்சே, தீட்டு எப்படிங்க? நீங்க சொன்னாத்தான் நாங்க பந்தக்கால் நடறதா வேண்டாமான்னு பாக்கணும். ஆவணிக்குத் தள்ளினா ஜோசியரு வேற என்னமோ சொல்றாரு… அப்புறம் எங்க வூட்டுல ஒருவாட்டி யோசிக்கணும் பாருங்க.”

கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. சாயங்காலத்திற்குள் சொல்கிறோம் என்று அம்மா போனை வைத்தார்.

“ஏங்க, அவரு நமக்கு யாருமில்லைன்னு சொல்லிடுங்க” என்றார் அம்மா. “அந்தத் தந்தம் கடத்தினவன் பேரு வந்தப்ப எவ்வளவு சீக்கிரம் வேறன்னு சொன்னீங்க!”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற? அவன் ஜெயிலுக்குப் போனான், இவரு கோர்ட்டுல ஒக்காந்தாரு. அதானே?”

அடுத்த தெருவில் இருக்கும் சித்தப்பா அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். அப்பாவின் தம்பி, எதையும் கேலியாக்காமல் அவரால் இருக்க முடியாது. “டிவில சாவறவங்களுக்கெல்லாம் தலை முழுகணும்னா மத்திகிரித் தண்ணி பத்தாதுண்ணா. நாளைக்கே அந்த பஸ்காரர் போனா என்ன பண்ணுவ, பஸ்ஸுக்கும் சேத்து தண்ணி ஊத்துவியா?”

யாரும் சிரிக்கவில்லை.

அக்கா மஞ்சள் தட்டைத் தள்ளி வைத்தாள். “அப்பா, அவரு பங்காளின்னா இந்தக் கல்யாணம் இப்ப வேணாம். அன்னைக்கு அந்தப் பேருக்காக ஒண்ண விட்டோம். இன்னைக்கு நமக்குத் தோதில்லைன்னு அதே பேர இல்லைன்னு சொல்ல முடியாது. நெஜமா பங்காளியான்னு போய்க் கேட்டுட்டு வாங்க. எதுவா இருந்தாலும் சரி.”

அவள் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் அப்பா ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

கன்னடம் வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் நானும் அப்பாவுடன் சென்றேன். ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் அவர் பன்னீர் ரோஜா மாலை ஒன்று வாங்கி, வாழை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாகலூர் தாண்டியதும் சாலையின் இருபுறமும் வெள்ளைப் பாலித்தீன் கூடாரங்களுக்குள் ரோஜாத் தோட்டங்கள். சோதனைச் சாவடியைக் கடந்ததும் கடைப் பலகைகளின் எழுத்து மாறிற்று. மண்ணும் தக்காளிக் கொடிகளும் மாறவில்லை. எதிரே எங்கள் பெயர் எழுதிய பேருந்து ஒன்று வந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் கைகள் வாழை இலையை அழுத்திக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். போலீஸ்காரர்கள், பெங்களூர்க் கார்கள், வரிசையாக நின்று மாலை போடும் ஊர்க்காரர்கள். வரிசையில் நாங்களும் நின்றோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் தொலைக்காட்சியில் இருந்ததைவிடச் சிறியவராக இருந்தார். அப்பா மாலையை வைத்துவிட்டு, கையைக் கூப்பியவர் எடுக்க மறந்து நின்றார். அந்த நேரத்தில் யாரோ தெலுங்கில் உரக்கச் சொன்னார்கள், பங்காளிகளெல்லாம் இந்தப் பக்கம் வாருங்கள் என்று. வீட்டின் வலப்புறம் ஆண்கள் சட்டையைக் கழற்றித் தோளில் துண்டுடன் கூடத் தொடங்கினார்கள்.

அப்பாவின் கை சட்டைப் பொத்தானுக்குச் சென்றது. முதல் பொத்தானைக் கழற்றினார். ஓர் அடி எடுத்து வைத்தார். அங்கே நின்றுவிட்டார்.

வாசற்படியருகே வந்தவர்களை விசாரித்துக்கொண்டிருந்த பெண்மணி, நீதிபதியின் தம்பி மனைவி என்று பிறகு தெரிந்தது, எங்களைப் பார்த்து அருகில் வந்தார். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்க வேண்டும்.

“ஹோசூரா? யாரு நீங்க, தெரியலையே.”

அப்பா வீட்டுப் பெயரைச் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

“அப்படியா? எந்தச் சாமி உங்களுக்கு?”

அப்பா ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு தளிக்கு அப்பால் மலையடியில் இருக்கும் எங்கள் அம்மனைச் சொன்னார். ஆண்டுக்கொரு முறை நாங்கள் போய்ப் பொங்கல் வைக்கும் இடம்.

“எங்களுக்கு நரசிம்மசாமி” என்றார் அந்தப் பெண்மணி. “அப்போ நீங்க வேறங்க. பேரு மட்டும்தான் ஒண்ணு. இந்த மாதிரி நெறையப் பேரு வருவாங்க. யாரு வந்தாலும் ஐயா ஒக்கார வச்சுப் பேசுவாரு, அவருக்கு அதுல ஒரு சந்தோஷம். உங்களுக்குத் தீட்டு கெடையாது. காபி குடிச்சிட்டுப் போங்க.”

சாவு வீட்டில் வெளியாட்களுக்கு மட்டும்தான் காபி தருவார்கள். அவர் அன்பாகவே சொன்னார்.

பங்காளிகள் நின்ற பக்கத்திலிருந்து ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுடன் வேலை செய்பவர். சட்டையில்லாமல், துண்டைப் போர்த்தியபடி, சில அடி தூரத்தில். அந்தப் பெண்மணி சொன்னது அவருக்குக் கேட்டிருக்கிறது என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அப்பாவும் அவரைப் பார்த்துவிட்டார். இருவருக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. அவர்தான் முதலில் வந்தார்.

“திரும்பிப் போற பஸ்ஸு கோயிலுக்கிட்ட நிக்கும், பெரியப்பா. வெயில்ல நிக்காதீங்க.”

அன்று அப்பா கொடுத்த முறை அது. அதை மாற்றிச் சொல்ல அவருக்கு அந்த ஒரு நிமிடம் போதவில்லையா, மாற்ற வேண்டாமென்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. என்னிடம் திரும்பி, “அக்கா நல்லா இருக்காங்களா?” என்றார். நான் “இருக்கா” என்றேன். பின்னால் யாரோ அவரை அழைத்தார்கள். அவர் போய்விட்டார்.

அப்பா கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட முயன்றார். விரல்களுக்குத் துளை அகப்படவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

பேருந்து எல்லையைத் தாண்டியது. அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“அக்காகிட்ட என்னன்னு சொல்றது, பாப்பா?”

“கேட்டதச் சொல்லுங்க.”

“சொன்னா கல்யாணம் நடக்கும்.”

“ஆமாப்பா.”

“சொன்னா அதுவும் தெரிஞ்சிடும் அவளுக்கு.”

பங்காளிதான் என்று ஒரு பொய் சொன்னால், இந்தத் திருமணம் தள்ளிப்போகும், ஒருவேளை நின்றும் போகும். ஆனால் அன்று அவர் செய்தது சரியாகவே இருந்துவிடும். உண்மையைச் சொன்னால் இந்தத் திருமணம் நடக்கும். அன்று செய்தது திருத்த முடியாத தவறாக மாறும். வழி முழுவதும் அப்பா எதை எதோடு நிறுத்துப் பார்த்தார் என்பதை நான் அறிவேன். அதில் ஒரு சொல் சேர்ப்பதற்கும் எனக்குத் துணிவில்லை.

சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் நேரே உள்ளே நுழைவதில்லை. கேட்டுக்கு வெளியே அக்கா தண்ணீர் எடுத்து வைத்துக் காத்திருந்தாள். ஒரு பக்கெட் அல்ல. வீட்டிலிருந்த பக்கெட்டுகள், குடங்கள் எல்லாவற்றையும் நிரப்பி, எல்லோருக்கும் போதும்படி சுவரோரம் வரிசையாக வைத்திருந்தாள். கொடியில் நான்கு துண்டுகள் தொங்கின. அம்மாவும் சித்தப்பாவும் வாசலில் நின்றார்கள்.

அக்கா அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எல்லாரும் தலைக்கு ஊத்திக்கணுமா? நீங்க ரெண்டு பேரு மட்டுமா?”

அப்பா செருப்பைக் கழற்றினார். நெடுநேரம் கழற்றியதாக எனக்குத் தோன்றியது. பிறகு சட்டையோடு நின்று ஒரு குடத்தைத் தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். தண்ணீர் வழியும் முகத்தைத் துடைக்காமலேயே சொன்னார்.

“நாங்க மட்டும்தான்மா. அவங்க வேற. சாமி வேற.”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “அப்பாடா” என்று சித்தப்பா சொல்லத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“அவங்க வூட்டுலயே சொன்னாங்களா?” என்றாள் அக்கா.

“அவங்க வூட்டுலயே.”

“அன்னைக்கு அந்தப் பையனோட அப்பா போன்ல கேட்டாரே.”

“ஆமாம்மா. கேட்டாரு.”

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை. நான் அறிந்தவரையில் பிறகும் பேசவில்லை. அக்கா கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நீர் சொட்ட நின்ற அப்பாவின் கையில் கொடுத்தாள். எனக்கு ஒரு பக்கெட்டை நகர்த்தி வைத்தாள். மீதிக் குடங்களின் தண்ணீரை வீணாக்காமல் ஒவ்வொன்றாகச் சுமந்து போய் வேலியோரத்து முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினாள். அம்மா உதவப் போனபோது வேண்டாமென்று தலையசைத்தாள். கடைசிக் குடம் காலியான பின்பு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கிருஷ்ணகிரிக்குத் தானே பேசினாள்.

“அத்தை, நான்தான் பேசறேன். எங்களுக்குத் தீட்டு இல்லைங்க. அவங்க வேற ஆளுங்க. நீங்க பந்தக்கால் நட்டுடுங்க.”

போனை வைத்தபின் விட்ட இடத்திலிருந்து மஞ்சளைப் பிரிக்க உட்கார்ந்தாள். நானும் ஈரத் தலையோடு அவள் எதிரில் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவர் அங்க இருந்தாரா?” என்று கேட்டாள். அவள் அண்ணா என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். இருந்தார் என்றேன். அவள் தலையசைத்தாள்.

திருமணம் அந்த முகூர்த்தத்திலேயே நடந்தது. தாரை வார்க்கும்போது புரோகிதர் இரு வீட்டாரையும் பெயர் சொல்லக் கேட்பார். மாப்பிள்ளையின் தந்தை தம்முடைய வீட்டுப் பெயரைச் சொன்னார். பிறகு எங்கள் முறை. அக்கா கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்துத் தலை குனிந்திருந்தாள். சொம்பைப் பிடித்திருந்த அப்பா எங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னார். அந்தச் சொல்லை எந்த நாளும் உரக்கச் சொல்லிப் பழகியவர், அன்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். புரோகிதர் அடுத்த மந்திரத்தைத் தொடங்கிவிட்டார்.

“இருங்க சாமி” என்றார் அப்பா.

மேளக்காரர் கையை நிறுத்தினார். யாரும் கேட்காமலேயே, தளிக்கு அப்பால் மலையடியில் இருக்கும் எங்கள் அம்மனின் பெயரை முழுதாக, ஊரோடு சேர்த்துச் சொன்னார். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதன் பிறகே அவர் தண்ணீரை ஊற்றினார்.